கண்ணாடிக்குள் மணி

காகிதத்தில் பரங்கிப்பூ செய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. மஞ்சள் கிரேப் தாளை ஐந்து இதழாக வெட்டி, ஓரத்தை ஊசியில் சுற்றி இழுத்தால் நிஜப் பூவைப் போலவே சுருண்டுகொள்ளும். அடியில் மஞ்சள் நூலால் நாலு சுற்று, வேலை முடிந்தது. சோபாவில் உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். காபியில் சர்க்கரை போதாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள், இன்ஸ்பெக்டர். உங்கள் சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். வீட்டம்மா ஊரில் இல்லையோ? பதில் சொல்ல வேண்டாம். கண்ணில் பட்டதைக் கேட்டுவிடுவது என் பழக்கம்.

கே.கே. நகரில் இந்தத் தெருவுக்கு நாங்கள் வந்து பதினாலு வருஷமாகிறது. இந்த ஜன்னலிலிருந்து ஒன்பது வீட்டு வாசல் தெரியும். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாகச் சமைக்கிறார்கள், எந்த வீட்டுப் பையன் யாரைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் போகிறான், எல்லாம் எனக்குத் தெரியும். சாயங்காலம் நாலரை ஆனால் ஐந்தாறு பெண்கள் இந்தக் கூடத்தில் இருப்பார்கள். வம்பு என்று சிலர் சொல்வார்கள். சொல்கிறவர்களும் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

என் வீட்டுக்காரரின் பெயரை நானே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். பழக்கமில்லை. கல்யாணராமன். வாடிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் பௌதிகம் சொல்லிக் கொடுத்தார். ஓய்வு பெறும்போது மற்ற வாத்தியார்கள் சால்வையோடு வீட்டுக்குப் போவார்கள். இவர் ஆய்வுக்கூடத்தில் ஓரம் சில்லுப் பெயர்ந்துபோன மூன்று மணிச்சாடிகளைக் கேட்டு வாங்கி, வைக்கோலில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இதோ இருக்கிறதே, உச்சியில் குமிழ் வைத்த இந்தக் கண்ணாடி மூடிகள். கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு என்னை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறார். உள்ளே ஒரு மின்சார மணி அடித்துக்கொண்டிருக்கும். பம்பால் காற்றை உறிஞ்ச உறிஞ்சச் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். உள்ளே சுத்தி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். "பாரு சாவித்ரி, அது அடிக்கறதை நிறுத்தலை, நமக்குத்தான் கேக்கலை" என்றார். வகுப்பில் சொல்வதைப் போலத்தான் எனக்கும் சொல்வார்.

போன வருஷம் வைகாசியில் குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கையும் கண்ணும் மிச்சம். டாக்டர் என்னை நிறுத்திவைத்துத் தெளிவாகச் சொன்னார். "சளி தொண்டையில அடைச்சா அவரால தானா காறித் துப்ப முடியாதும்மா. உடனே ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகுல தட்டணும். அஞ்சு நிமிஷம் தாமதிச்சாலும் மூச்சு நின்னுரும். எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு ஓடணும்." என் பெண் ராஜஸ்ரீ அன்றைக்கே புதுமண்டபத்துக் கடைகளுக்குப் போய் ஒரு கைப்பிடி மணி வாங்கி வந்து அவர் இடது கையில் வைத்தாள். வைத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டாள்.

மணி அடித்தால் ஓடினேன். குறை சொல்ல முடியாது. வேலைக்காரி தங்கப்பொண்ணுவைக் கேளுங்கள், உங்களிடம் வந்து பேசியவள்தானே. சளி, தண்ணீர், சிறுநீர், காலில் ஈ, எல்லாவற்றுக்கும் மணி. ஒரு வாய் சாதத்தை எடுத்து நாக்கில் வைத்திருப்பேன், மணி. பத்தொன்பது மாசம் இன்ஸ்பெக்டர். தெருமுனைக் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்தக் கூடத்துக்கு ஆட்கள் வருவது நின்றுபோனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் டெட்டால் வாசனை, நடுவில் நடுவில் மணி. "மாமாவைப் பாருங்க மாமி, நாங்க அப்புறமா வாரோம்" என்று எழுந்து போவார்கள். அப்புறம் வர மாட்டார்கள். எதிர்வீட்டு சாய்குமாரின் பெண்டாட்டி ரம்யாஸ்ரீ இரண்டாவது தடவை கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனது எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் கீரைக்காரி சொல்லி.

அப்போதுதான் வசுந்தரா வந்தாள். நாலாவது வீடு, சௌராஷ்டிரக் குடும்பம், புருஷன் ராஜாராமுக்குப் பட்டு வியாபாரம். வீட்டிலேயே கைவேலை வகுப்பு நடத்துகிறாள். சொல்லிக் கொடுப்பதைவிடத் தன் வீட்டைச் சுற்றிக் காட்டுவதுதான் அதிகம் என்று கேள்வி. பரண் மேலிருந்த மணிச்சாடிகளைப் பார்த்ததும் அவளுக்குக் கண் விரிந்துவிட்டது. "மாமி, இதுக்குள்ள மாசத்துக்கு ஒரு அலங்காரம் வச்சீங்கன்னா வீடே மாறிப்போகும்" என்றாள்.

மாறித்தான் போயிற்று. ஆடிக்கு ஓலைக் காற்றாடி வைத்தேன். கண்ணாடிக்குள் காற்று ஏது, அது பாட்டுக்கு நின்றது, ஆனாலும் அழகு. ஐப்பசிக்குக் குச்சியும் துணியும் வைத்துச் சின்னக் குடைகள். கார்த்திகைக்குப் பிஸ்தா ஓட்டில் அகல், பஞ்சில் சுடர். மூன்று சாடியும் இந்த மேஜையில் வரிசையாக. பார்க்க ஒருத்தி வந்தாள், பிறகு இரண்டு பேர், பிறகு பழையபடி ஐந்தாறு பேர். பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் பேசினார்கள். செத்துக் கிடந்த வீடு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. இந்த வார்த்தையை நீங்கள் எழுதிக்கொள்வதைப் பார்க்கிறேன். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

நவராத்திரியில் மட்டும் ஒரு சங்கடம். தீப்பெட்டிகளை அடுக்கி ஒன்பது படி கட்டி, படிக்குப் படி கடுகளவு பொம்மை வைத்திருந்தேன். எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அவர் ஏழு தடவை மணி அடித்தார். ஏழாவது தடவை போனால் ஒன்றுமே இல்லை. சும்மா என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். பயமாக இருந்ததோ என்னவோ. திரும்பி வருவதற்குள் கூடம் காலி. பொம்மைகளும் நானும்தான்.

மார்கழியில் குடியிருப்போர் சங்கத்துப் பெண்கள் ஒரு வீட்டு அலங்காரப் போட்டி வைத்தார்கள். வசுந்தராதான் நடுவர். போட்டிக்கு முந்தின நாள் எட்டிப் பார்த்தவள் இரண்டு சாடியைப் பார்த்துத் தலையாட்டினாள். ஒன்றில் களிமண் உருண்டையில் செருகிய பரங்கிப்பூ. இன்னொன்றில் கோலம் போட்ட குட்டி வாசல். மூன்றாவது காலி. "மார்கழின்னா பூவு, கோலம், கோயில் மணி. மணி எங்க மாமி?" என்று கேட்டாள். கேட்டது அவள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போட்டி நாள், ஞாயிற்றுக்கிழமை. மூன்றரை மணிக்கு அவர் அறைக்குப் போனேன். மணியை வாங்க வேண்டியிருந்தது. இடது கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக எடுத்தேன். மணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மனுஷா வராளோன்னோ, ஒரு மணி நேரந்தான். போனதும் கொண்டுவந்து குடுத்துடறேன்" என்றேன். கொடுத்த வார்த்தையை நான் மீறுகிறவள் இல்லை.

புளி போட்டுத் தேய்த்ததும் தங்கம் மாதிரி ஆகிவிட்டது. சாடிக்குள் மரக்கட்டையில் தொங்கவிட்டேன். மேஜையைத் தொட்டாலே மணியின் நாக்கு ஆடிக் கிணுகிணுத்தது. அதனால் பூவுக்குச் சுற்றிய மஞ்சள் நூலிலேயே நாக்கை இறுக்கிக் கட்டினேன். வெளியே தெரியாதபடி முடிச்சை உள்ளுக்குத் தள்ளினேன். அதற்கெல்லாம் என் விரல் இன்னும் நன்றாக வரும்.

தங்கப்பொண்ணுவை அண்ணா நகருக்கு மல்லிகைப்பூ வாங்க அனுப்பினேன். அவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அம்மா, ஐயா கையில மணியக் காணமே."

"தேய்க்க எடுத்திருக்கேன். நீ போயிட்டு வா."

"அப்புறமாப் போகட்டா? தொண்டை காலையில இருந்து கரகரன்னே இருக்கும்மா அவருக்கு."

"நான் இங்கதானே இருக்கேன்டி. போ."

இங்கேதான் இருந்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிர் நாற்காலி. அவர் அறைக் கதவு இதோ, பதினோரு அடி.

நாலரைக்கு எல்லோரும் வந்தார்கள். மணியைப் பார்த்து வசுந்தரா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இம்புட்டு நாளா இந்த மணிய எங்க மாமி ஒளிச்சு வச்சிருந்தீங்க என்று ஒருத்தி கேட்டாள். மார்கழிப் பாட்டு கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ரம்யாஸ்ரீ மூன்றாவது தடவை போய்விட்டாள் என்ற விஷயத்தை நான் அப்போதுதான் எடுத்திருந்தேன். இந்த முறை எனக்குத்தான் முதலில் தெரியும். அதே சிவப்புப் பெட்டி, ஆனால் வந்து அழைத்துப்போனது அவள் அண்ணன் இல்லை. அந்த இடத்தில் நிறுத்தினேன். கூடத்தில் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பத்தொன்பது மாசத்துக்குப் பிறகு.

உள்ளே எவர்சில்வர் டம்ளர் விழுந்தது.

"என்ன சத்தம் மாமி?" என்றாள் வசுந்தரா.

"பூனை."

"உங்க வீட்டுல பூனை ஏது?"

"பக்கத்து வீட்டுப் பூனை. அதுவும் இந்தக் கதையைக் கேக்க வந்திருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

பிறகு டிக் டிக்கென்று ஒரு சத்தம். அவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. கல்யாண மோதிரம் கட்டில் கம்பியில் படுகிற சத்தம். முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு. என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். எழுந்தேன். எழுந்து டேப்ரிகார்டரில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கதையில் பாதி பாக்கி இருந்தது. அந்த இடத்தில் எழுந்து போனால் அவர்களும் எழுந்து போய்விடுவார்கள். வேறு என்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் போனார்கள். நான் உள்ளே போனேன். முகம் நீலம் பாரித்திருந்தது. கை கட்டில் கம்பிமேல் இருந்தது. சொன்ன வார்த்தைப்படி மணியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டேன். சுண்டுவிரல்தான் கடைசி. பிறகு டாக்டருக்குப் போன் செய்தேன். தூக்கத்தில் போய்விட்டார் என்று சொன்னேன். அவரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். மறுநாள் தத்தனேரி மயானம்.

அவர் கையிலிருந்து மணியை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தவள் தங்கப்பொண்ணு. மஞ்சள் நூலை அவள் அன்றைக்கே பார்த்திருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் சுபச் சடங்கு முடிந்து ராஜஸ்ரீ அப்பா ஞாபகமாக அந்த மணியை எடுத்தாள். ஆட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை ஆட்டினாள்.

"அம்மா, இது ஏம்மா அடிக்க மாட்டேங்கறது?"

உள்ளே கட்டியிருந்த நூலைக் காட்டித் தங்கப்பொண்ணுதான் சொன்னாள். பத்தொன்பது மாசமாக அந்த மணியைத் தெரிந்தவள் என்னைத் தவிர அவள்தானே. ராஜஸ்ரீ அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

சரி, கிளம்பலாம். கதவைப் பூட்டிச் சாவியை வசுந்தராவிடம் கொடுத்துவிடுகிறேன். ஜன்னலில் நிற்கிறாள் பாருங்கள், எதற்கு ஜீப் வந்திருக்கிறது என்று துடித்துக்கொண்டிருப்பாள். நாலரைக்குத் தெரு முழுக்க அவள் கூடத்தில்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த மணி அடித்து நான் போகாமல் இருந்தது ஒரு நாளும் கிடையாது. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறேன், பூஜையை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்கும் மணி அடித்திருந்தால் கதையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

அவர்தான் அடிக்கவில்லை.