டைனமோவில் பூசிய சந்தனம்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் என் பெரியப்பா சக்கரவர்த்தி அவர்களே, அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் அடி அண்ணாமலை ஊர்ப் பெரியோர்களே, பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்து களைத்த அண்ணன்மார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு ‘பெண்ணின் பெருமை’. ஆசிரியை எழுதிக் கொடுத்த பேச்சு பையில் இருக்கிறது. அதில் வானம் வருகிறது, நிலவு வருகிறது, எங்கள் மெக்கானிக் ஷெட் வரவில்லை. ஆகவே யாருக்கும் தெரியாமல் வேறொன்று எழுதிவந்தேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்களுக்கு மின்விளக்கு புதிதாக வந்த காலத்து வண்டி ஒன்று, செங்கம் சாலையில் விடுதி நடத்தும் இருசப்பன் ஐயாவிடம் இருக்கிறது. அதன் விளக்குக்கு உயிர் தருவது டைனமோ. வண்டி ஓட ஓட அது சுற்றும்; சுற்றச் சுற்ற மின்சாரம் சுரக்கும். மகள் கல்யாண ஊர்வலத்தில் அந்த விளக்குகள் எரிய வேண்டும் என்பது அவர் ஆசை. டைனமோவைக் கழற்றி எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பா இறந்தபின் ஷெட்டை நடத்துபவள் ஐ.டி.ஐ. படித்த என் அக்கா வினோதினி.

அக்கா மூடியைத் திறந்து வைத்திருந்தாள். மறுநாள் ஆயுத பூஜை. வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. ஸ்பானருக்குச் சந்தனம் வைத்தார், சுத்தியலுக்கு வைத்தார், திறந்து கிடந்த டைனமோவுக்கும் உள்ளே கைவிட்டு வைத்தார். சிரிக்காதீர்கள் அம்மா, பக்தியோடுதான் வைத்தார்.

அதற்கடுத்த நாள் சோதனை. பேட்டரி கொடுத்தால் டைனமோ மோட்டார் போலத் தானே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. இருசப்பன் ஐயா முகம் வாடியது. பெரியப்பா சொன்னார்:

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேல? தூக்கம் கம்மி, கிரீஸு ஜாஸ்தி. கட்டிக்கினு போற எடத்துல டைனமோவையா கேக்கப் போறாங்க?”

ஷெட்டைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா டைனமோவை வீட்டுக்குத் தூக்கிவந்தாள். உள்ளே செம்பு வளையம் ஒன்று உண்டு. அதைத் தொட்டபடி நிற்கும் கரித்துண்டு வழியாகத்தான் மின்சாரம் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே காய்ந்து கிடந்தது சந்தனம்.

“பெரியப்பா கிட்ட சொல்லுக்கா” என்றேன்.

“வேணான்டி. பெரிய மனுசன் மனசு கஷ்டப்படும். எரியட்டும், அது போதும்.”

துடைத்தாள். தேய்த்தாள். பேட்டரி கொடுத்தாள், சுற்றியது. மொபெட்டை ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்திலிருந்து பெல்ட் மாட்டி டைனமோவைச் சுற்றவைத்தாள். பல்பு முதலில் பழுப்பாய், பிறகு மஞ்சளாய், பிறகு பார்க்கக் கூசும் வெள்ளையாய் எரிந்தது. பெரியப்பாவை அழைத்துக் காட்டினோம்.

“சாமி சந்தனம் வச்சது வீண் போவுமா?” என்றார். சாவியைக் கேட்டோம். “அப்புறம் பாக்கலாம்” என்றார். டைனமோவை வண்டியில் மாட்டும் கருவிகளெல்லாம் பூட்டிய ஷெட்டுக்குள். தீபம் போனது, மார்கழி போனது. இதோ பொங்கலும் வந்துவிட்டது. தை பிறந்தால் கல்யாணம் என்று காத்திருந்த இருசப்பன் ஐயாவும் அதை மாட்ட வேறு ஆள் தேடுகிறார்.

பெரியோர்களே, ஒரு டைனமோவை எத்தனை முறை சோதிப்பீர்கள்? சுற்றுகிறதா என்று பார்ப்பீர்கள். எரிகிறதா என்று பார்ப்பீர்கள். எரிந்தால் வண்டியில் மாட்டிவிடுவீர்கள். என் அக்காவை? படிப்பாளா என்று சோதித்தீர்கள், படித்தாள். வேலை தெரியுமா என்று சோதித்தீர்கள், செய்தாள். விளக்கு எரியுமா என்று சோதித்தீர்கள், எரியவைத்தாள். இன்னும் எதைச் சோதிக்கிறீர்கள்? எப்போதுதான் அவளை வண்டியில் மாட்டுவீர்கள்?

கைதட்ட வேண்டாம் அண்ணா. கைதட்டலைக் கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை. நேற்று அவளே சொன்னாள்: “பாராட்டுலாம் வேணான்டி. டயர்டா கீது. வேலைய செய்ய வுட்டாப் போதும்.”

பெரியப்பா, உங்கள் மேல் எனக்குப் பயம் உண்டு, பாசமும் உண்டு. உங்களுக்கு மாலை போடும்போது பார்த்தேன். சாவி இன்னும் அதே பையில் இருக்கிறது. அக்கா கடைசி வரிசைக்குப் பின்னால், அந்த டைனமோவோடு நிற்கிறாள். இருசப்பன் ஐயாவும் வந்திருக்கிறார்.

பொறுமையாகக் கேட்ட ஊருக்கு என் நன்றி. சாவிக்காகச் சட்டைப் பைக்குள் போகும் பெரியப்பாவின் கைக்கு என் வணக்கம்.