வெளுத்துப்போன முட்டை

ஏன் தம்பி, முட்டை வெளுக்குமா? நீங்களே சொல்லுங்க. துணி வெளுக்கும், தலைமயிரு வெளுக்கும்... முட்டை வெளுத்து எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? இந்தாங்க, புடிங்க. ஒங்க மிஷின்ல வச்ச முட்டை. வைக்கும்போது நல்ல செம்மண் நெறம், அசல் நாட்டுக்கோழி முட்டை. இப்பப் பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச செவராட்டம்! ஒங்க மிஷின்தான் பண்ணிருக்கு. வேற யாரு பண்ணுவா?

இல்லல்ல, டீயெல்லாம் வேணாம். வேணாங்கறேன்ல! மோரு இருந்தா குடுங்க. டீயப் பாத்தாலே எனக்கு இப்பல்லாம்... சரி, அத விடுங்க. நீங்க ஏற்கெனவே குடிச்சிட்டீங்க போலருக்கு, ரெண்டு கிளாஸ் கெடக்கு. யாரு, கஸ்டமரா? திருப்பனந்தாள் கடைத்தெருவுல ஒங்களுக்கு யாவாரம் நல்லாத்தான் ஓடுது. ஜாஃபர் சாதிக், குஞ்சு பொரிப்பான் விற்பனை, சர்வீஸ்னு போர்டு பெருசாத்தான் வச்சிருக்கீங்க. நம்ம முட்டை மட்டும் வெளுக்குது.

இது வெறும் முட்டை வெவகாரம்னு நெனைக்காதீங்க. குடும்ப வெவகாரம். எங்கூட்டுல பேச்சுவார்த்தை நின்னு போச்சு தம்பி. என் சம்சாரம் ஞானாம்பாள் ஒரு கோழி வச்சிருந்தா. பொன்னின்னு பேரு. எனக்கு வாங்காத மருந்தெல்லாம் அதுக்கு வாங்குவா. அது அட காத்துக்கிட்டிருந்துச்சு. அன்னிக்கி நான் டிராக்டரப் பின்னாடி எடுக்குறேன்... ஆரன் அடிச்சேன் தம்பி! சாமி சத்தியமா அடிச்சேன். அது பாட்டுக்கு இரை பொறுக்க எறங்கி வந்து... என்ன பண்றது. வண்டியில கண்ணாடி இருக்கு, கோழிக்குக் கண்ணாடி இருக்கா?

அவ அழுவலீங்க. கத்தலீங்க. கத்திருந்தா தேவலாம். கொட்டாயில கெடந்த முட்டையப் பூரா முந்தானையில அள்ளிக்கிட்டு வந்து, ஒரே ஒரு பேச்சுதான். "இதுல ஒண்ணாவது பொரிஞ்சு கத்துனாத்தான் நானும் ஒங்ககிட்ட வாயத் தொறப்பேன்." அவ்ளோதான். அன்னிக்கி சாத்துன வாயி. சோறு ஆறுதுன்னா மாட்டுக்கிட்ட போயி சொல்றா. "சோறு ஆறுதுடி லெச்சுமி, திங்கிறவங்க வந்து திங்கலாம்." நான் மாட்டுக்கிட்ட போயி, "கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லு"ங்கறேன். அந்த மாடு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குது. பால் கொறஞ்சு போச்சு தம்பி, நெசமா.

அதான் ஒங்ககிட்ட ஓடியாந்து மிஷின் வாங்குனேன். என்னத்த மிஷினு... ஒரு தெர்மாகோல் பொட்டி, ஒரு பல்பு, ஒரு குட்டி காத்தாடி, தண்ணிக்கு ஒரு தட்டு. நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. சூடு முப்பத்தேழரை. ஈரம் அம்பது, அம்பத்தஞ்சு. காத்து ஓட்டைய அடைக்காதீங்க. சும்மா சும்மா தொறந்து பாக்காதீங்க. மூணு தடவ சொன்னீங்க. எனக்குக் கொஞ்சம் கோவந்தான். நான் யாரு? வருசா வருசம் வெதநெல்லு மொளைக்க வைக்கிறவன். உப்புத் தண்ணியில முட்டையப் போட்டு, அது எம்புட்டு மெதக்குதுன்னு வச்சு உப்பு அளவு பாத்து, அதுல நெல்லக் கொட்டி நல்ல வெத பிரிக்கிறவன். எனக்குப் போயி ஈரம் சொல்லிக் குடுக்குறீங்க!

...சிரிக்காதீங்க. கேளுங்க. வெதநெல்ல என்னா பண்ணுவோம்? ஊற வச்சு, சாக்குல கட்டி, வைக்கலப் போட்டு மூட்டம் போடுவோம். அப்பப்பத் தண்ணி தெளிப்போம். உள்ள கைய விட்டா வெதுவெதுன்னு இருக்கணும். மறுநா வெள்ளையா மொளை தலை நீட்டும். எந்த மீட்டர் பாத்தோம்? கைதான் மீட்டரு. நெல்லுல உசுரு இருக்கு, முட்டையிலயும் உசுரு இருக்கு. ரெண்டுக்கும் என்னா பெரிய வித்தியாசம்?

அதனால... லேசாத்தான்... ஒரு ஈரச்சாக்க மேல போட்டேன். ஆமா, ஓட்டை அடைஞ்சிருக்கும். முட்டை மேலயும் ரெண்டு கை தண்ணி தெளிச்சேன். மூட்டம்னா மூட்டமா இருக்கணும்ல? பொட்டி மூடிக் கண்ணாடியில முத்து முத்தா வேர்த்துச்சு. பாக்க அழகா இருந்துச்சு தம்பி. சரி, ஈரம் சாஸ்தியாயிருச்சுன்னு பட்டுது. காய வைக்கணும்ல? சூட்டக் கூட்டுற அந்தத் திருகு இருக்குல்ல... அத ஒரு திருகு திருகுனேன். ஒரு திருகுதான்! அப்பறம் வாய்க்கால்ல தண்ணி வருதுன்னாங்க, மடையத் தொறக்கப் போயிட்டேன். வந்து பாத்தா நாப்பத்தொண்ணோ ரெண்டோ காட்டுது... ஒடனே சாக்க எடுத்துட்டு, திருகையும் பழையபடி திருப்பிட்டேன்.

ஏன் தம்பி முட்டைய வெரலால தேய்க்கிறீங்க? சும்மா பாருங்க போதும். தேய்க்காதீங்க... எச்சி தொட்டு வேற தேய்க்கிறீங்களே! வெரல்ல என்னா ஒட்டிருக்கு? செம்மண்ணா இருக்கும். வயல்லேர்ந்து நேரா வர்றேன்ல. மோந்து பாக்காதீங்க. தம்பி... மோந்து பாக்காதீங்கன்னா...

சரி. ஆமா. டீதான்.

கொஞ்சம் மெதுவாச் சிரிங்க, ரோட்டுல போறவன்லாம் பாக்குறான். என்னா பண்ணச் சொல்றீங்க? நாலஞ்சு நாள்ல ஒண்ணு டப்புன்னு வெடிச்சுது. அந்த நாத்தம் இருக்கே... ஞானம் கோயிலுக்குப் போயிருந்தா, பிரதோஷம். சிவபெருமான்தான் காப்பாத்துனாரு. மத்ததெல்லாம் எடுத்து செல்லு லைட்ல வச்சுப் பாத்தேன். எல்லாம் செத்துருச்சு. ஒண்ணே ஒண்ணு, ஓரத்துல கெடந்தது, அதுல மட்டும் செவப்பா நரம்பு ஓடிச்சு. உள்ள ஏதோ அசஞ்ச மாதிரியும் இருந்துச்சு. அத வச்சுட்டேன். மத்ததெல்லாம் வாய்க்காலுக்குப் போயிருச்சு.

எண்ணிக்கை கொறஞ்சா அவளுக்குத் தெரியாதா? கடைக்கு ஓடுனேன். வெள்ளை முட்டைதான் இருந்துச்சு. சிறுசு சிறுசாப் பொறுக்குனேன். கடைக்காரன் ஒரு மாதிரி பாத்தான். "டாக்டரு சின்ன முட்டைதான் திங்கச் சொல்லிருக்காரு"ன்னேன். வீட்டுக்கு வந்து திக்கா டிக்காஷன் போட்டு, ஆற வச்சு, ஊறப்போட்டேன். பத்து முட்டையும் அச்சு அசலு நாட்டுக்கோழி முட்டை! பொன்னியே வந்தாலும் ஏறி ஒக்காந்திருக்கும். அதுக்கப்பறம் நான் அந்த மிஷின் பக்கமே போவல தம்பி. திருகல, தெளிக்கல, தொறக்கல. கடை முட்டைய என்னாத்த பாக்குறது? சூடு பாட்டுக்கு சூடா இருந்துச்சு, ஈரம் பாட்டுக்கு ஈரமா இருந்துச்சு.

எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. கெடுத்தது யாரு? நீங்க! கடைசி மூணு நாளு ஈரம் சாஸ்தியா வேணும், தட்டுல தண்ணி நெறையா ஊத்தணும்னு போன்ல அவகிட்ட சொன்னது நீங்கதான? மாட்டுக்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தா, கேட்டேன். ஊத்திட்டா. உள்ள ஒரே புழுக்கம், வேர்த்து வேர்த்து டீயெல்லாம் வழிஞ்சிருச்சு. நேத்து சாயந்தரம் ஒரு முட்டைய எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா பாருங்க... பேசல. நீட்டுனா, அவ்ளோதான். எனக்கு வாயில என்னா வருது? "மிஷின் சூட்டுல வெளுத்துருச்சு போலருக்கு. நாளைக்கு மிஷின்காரரையே கேட்டுட்டு வந்துர்றேன்." சொல்லிட்டு அந்த முட்டைய வாங்கி சட்டப்பையில போட்டவன்தான். காலைல அவ எந்திரிக்கிறதுக்குள்ள வயலுக்குக் கெளம்பி, தண்ணி பாத்துட்டு, இப்படியே வர்றேன். வீட்டுக்குப் போவ பயமா இருக்கு தம்பி. பொய் சொல்லல.

ஒண்ணும் பெருசா கேக்கல. ஒரு போன் போடுங்க. "அம்மா, இந்த மாடல்ல முட்டை வெளுக்கும், அது சகஜம்"னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா நம்புவா. பொரியாதது மிஷின் கோளாறுன்னு ஆயிரும். பேசாட்டியும் பரவால்ல, அந்தப் பார்வையாச்சும் மாறும். முப்பது வருசமா காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருந்தவ தம்பி. அந்தச் சத்தம் இல்லாம வீட்டுல சோறு எறங்கல. ஃபேன் சத்தம் கேக்குது, அத்தனை அமைதி.

என்ன தம்பி, அடிக்கடி உள்ரூம் வாசல்ல தொங்குற அந்தத் திரையையே பாக்குறீங்க? ஆமா... கேக்கணும்னு இருந்தேன். வாசல்ல ஒரு லேடீஸ் செருப்பு கெடக்கே, வாரு அறுந்து ஊக்கு குத்துனது... எங்கூட்டுல அப்படியே ஒண்ணு இருக்கு...

அது என்னா சத்தம்? உள்ள கீச்சுகீச்சுன்னு... குஞ்சும் விக்கிறீங்களா?

...ஞானம்? நீ... நீ எப்ப வந்த? பஸ்ஸுலயா? டீ குடிச்சது நீதானா? எம்புட்டு நேரமா உள்ள நிக்கிற? மொதல்லேர்ந்தா?

கையில என்னா... ஐய, குஞ்சு! அந்த ஓரத்து முட்டையா? காலைலயே பொரிஞ்சிருச்சா? இவருகிட்ட காட்டத்தான் தூக்கிட்டு வந்தியா? அதத்தான் உள்ள பல்பு வெளிச்சத்துல வச்சிருந்தீங்களா தம்பி? இவ்ளோ நேரம் ஒரு வார்த்தை சொல்லலியே, கல்லுளிமங்கன் மாதிரி ஒக்காந்திருக்கீங்களே! பாரேன் ஞானம், பொன்னி மூஞ்சி அப்படியே இருக்கு... கத்துதுல்ல? கத்திருச்சுல்ல? அப்ப நீயும்...

தம்பி, கேட்டீங்களா? பேசுறா! மாட்டுக்கிட்ட இல்ல தம்பி, எங்கிட்ட! ஆமாடி, அறிவு கெட்டவன்தான். ஆமா, டீத்தூளுக்குப் புடிச்ச சனியன்தான். எங்கப்பாவையுமா? சரி, அவரையும் சேத்துக்க. சாக்கா? ஆமா, அந்த ஈரச்சாக்கு ஒண்ணை விட்டுட்டியே, அதையும் சொல்லு...

வா வா, பஸ்ஸெல்லாம் வேணாம், வண்டியில ஏறு. குஞ்ச முந்தானைக்குள்ள வச்சுக்க, காத்து படாம. ஊரு வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே வா. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்.