தெரியலன்னா பூஜ்யம்

அங்க இல்ல டாக்டர்... இன்னும் கொஞ்சம் கீழ. ஆ! அதேதான். இந்த இடத்துக்கு உங்க படிப்புல ஏதாவது பேரு இருக்கும். நான் வச்சிருக்கிற பேரு "டைப்பிங் அக்கா". அந்த அக்கா ஒழுங்கா டைப் அடிச்சிருந்தா நான் எதுக்கு மூணு வாரமா ஸ்க்ரீனுக்குள்ள தலைய விட்டுட்டு உக்காந்திருக்கப் போறேன்? கழுத்து எதுக்கு இப்படிப் பிடிச்சுக்கப் போகுது? மணி என்ன டாக்டர்? மூணேகாலா... சரி சரி. நிதானமாவே பண்ணுங்க. நாலு மணிக்கு ஆபீஸ்ல ஒரு மீட்டிங் இருக்கு, அது நான் இல்லாமயே நடக்கும். கழுத்து வலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். பொய்யில்லையே, நீங்களே பாக்கறீங்கல்ல!

எங்களது கண்ணாடிக் கம்பெனி டாக்டர். ஜன்னலுக்குப் போடறது இல்ல, மூக்குல போடறது. பன்னெண்டு கடை. கடையில கண்ணப் பாத்து பவர் எழுதி சீட்டு அனுப்புவாங்க. அக்கா அத டைப் அடிப்பாங்க. அது டேட்டாபேஸ்ல போய் உக்காரும். அங்கருந்து மெஷின் எடுத்து லென்ஸ் வெட்டும். அந்த டேட்டாபேஸ மேய்க்கிறவன்தான் நான்.

போன மாசம் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் கடைக்கு வந்து கண்ணாடியக் கழட்டி மேஜைமேல வச்சிருக்காரு. "இதப் போட்டாலும் ஒண்ணுதான், கழட்டினாலும் ஒண்ணுதான்"னு சொல்லியிருக்காரு. எடுத்துப் பாத்தா வெறும் கண்ணாடி! பவரே இல்ல. மறுநாள் ஒரு தையல்காரம்மா. அதுக்கு மறுநாள் மூணு பேரு. எல்லாரும் பக்கத்துல இருக்கிறதப் படிக்கறதுக்குக் கண்ணாடி கேட்டவங்க. டேட்டாபேஸத் திறந்து பாத்தா, அத்தனை பேருக்கும் பவர் பூஜ்யம். டைப் அடிக்கிறது ஒரே ஆளு. அப்போ வேற யாரச் சொல்றது, நீங்களே சொல்லுங்க?

மெதுவா... மெதுவா டாக்டர். கைல என்ன, இரும்பா?

மூணு பக்கம் ரிப்போர்ட் எழுதிக் குடுத்தேன். "கவனக்குறைவு"ங்கற வார்த்தைய நாலு இடத்துல போட்டேன். அது ஒரு ரிப்போர்ட்டுக்கு கனம் குடுக்கும் பாருங்க. அத வச்சுத்தான் இன்னைக்கு மீட்டிங். பத்தொம்பது வருஷ சர்வீஸ் அக்காவுக்கு. வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னுதான் நினைக்கறேன்... மணி என்ன? இப்பதான் கேட்டேனா? சும்மாதான் கேட்டேன்.

அக்கா எங்கிட்ட வந்தாங்க. சண்டைக்கு இல்ல. "தம்பி, நான் பூஜ்யமே அடிக்கல. ஒரு தடவ சரியாப் பாருப்பா"ன்னாங்க. சரி வாங்கக்கான்னு பக்கத்துல உக்கார வச்சு, என் டூலத் திறந்து காட்டினேன். "எட்டிப்பாரு"ன்னு அதுக்குப் பேரு, நானே எழுதினது. டேட்டாவுல எங்க தப்புன்னு தேடிப் பிடிக்கறதுக்குன்னே எழுதினது. வரிசையா பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அக்கா ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் மெதுவா, "அப்போ நான்தான் அடிச்சிருப்பேன் போல இருக்கு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. சீட்டுல ஒவ்வொரு வரிக்குக் கீழயும் ஸ்கேல் வச்சு டைப் அடிக்கிற ஆளு டாக்டர் அவங்க.

மறுநாளே கண் டெஸ்ட் பண்ணிட்டு வந்துட்டாங்க. தன் கண்ணு மேலயே சந்தேகம் வந்துடுச்சு. புதுக் கண்ணாடி வேற.

ம்... இல்ல, வலிக்கல. நீங்க பண்ணுங்க.

ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லணும், அப்பதான் புரியும். இந்தப் பவரெல்லாம் டேட்டாபேஸ்ல எழுத்தாத்தான் இருக்கும், எண்ணா இருக்காது. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைப்பீங்க. சாவியும் சாவி போட்டோவும் ஒண்ணா? போட்டோவ வச்சு பூட்டத் திறக்க முடியாதுல்ல? அப்படித்தான். கூட்டணும் கழிக்கணும்னா எழுத்த எண்ணா மாத்தணும். டைப் காஸ்டிங்னு சொல்லுவோம். "2.25"னு மட்டும் இருந்தா அழகா மாறிடும். ஆனா படிக்கற கண்ணாடிக்கு சீட்டுல எப்படி எழுதுவாங்க தெரியுமா? "+2.25 ஆட்". அந்த "ஆட்" இருக்கே, இங்கிலீஷ்ல கூட்டுன்னு அர்த்தம், அது எழுத்து. மாறவே மாறாது. லென்ஸ் மெஷினுக்கு அது புரியும். அக்காவும் சீட்டுல இருக்கற மாதிரிதான் அடிக்கணும்னு ரூல், அப்படித்தான் அடிப்பாங்க.

என் எட்டிப்பாருக்குத்தான் புரியாது. முன்னாடியெல்லாம் புரியலன்னா செவப்புல கத்தும். "மாத்த முடியல, மாத்த முடியல"ன்னு திரை பூரா செவப்பு. ஒரு நாள் எங்க மேனேஜர் பெரிய ஆளுங்களக் கூட்டிட்டு வந்து, "இவரு எழுதின டூல் பாருங்க"ன்னு காட்டறேன்னுட்டாரு. அவங்க முன்னாடி செவப்பா இருந்தா நல்லாவா இருக்கும்? அன்னைக்குக் காலையில அவசரமா ஒரே ஒரு வரி சேத்தேன். மாத்த முடியலன்னா பூஜ்யம் காட்டுன்னு. எல்லாரும் கை தட்டினாங்க டாக்டர். நாலு வருஷம் ஆச்சு. அந்த வரி அங்கயே இருக்கு. நான் மறந்தே போயிட்டேன்.

ஆனா அப்பல்லாம் அது பாக்கறதுக்கு மட்டும்தான். பொய் சொல்லும், அவ்வளவுதான், எதையும் கெடுக்காது. போன மாசம்தான் நான் அதுல ஒரு சேவ் பட்டனும் வச்சேன்.

என்ன டாக்டர், நிறுத்திட்டீங்க?

யாரோ ஒருத்தரோட போன் நம்பரத் திருத்தறதுக்குன்னு வச்சேன். ஒரு வரி திருத்தி சேவ் பண்ணினா, அந்தப் பக்கத்துல இருக்கற அம்பது வரியையும் திரையில தெரியற மாதிரியே திருப்பி எழுதிடும். பூஜ்யத்தோட சேத்து. எனக்கு வேற ஒரு வியாதி உண்டு. எதத் திறந்தாலும் மூடறதுக்கு முன்னாடி சேவ் அழுத்திடுவேன். கை சும்மா இருக்காது. இந்த மூணு வாரமும் தப்பு எங்கன்னு ஒவ்வொரு பக்கமாத் திறந்து, பாத்து, அழுத்தி... நான் தேடத் தேட பூஜ்யம் கூடிட்டே போச்சு. கூடக் கூட நான் இன்னும் மும்முரமாத் தேடினேன்.

சிரிக்காதீங்க. என் மாமியாருக்கு ரெண்டு தடவ வெறும் கண்ணாடி வந்துச்சு. ரெண்டாவது தடவ, நம்ம வீட்டு ஆளாச்சேன்னு ஆர்டர நானே ஸ்பெஷலா செக் பண்ணினேன். அதனாலதான் மறுபடியும் வெறும் கண்ணாடி வந்துச்சு! "வயசாச்சுன்னா அப்படித்தான் அத்தை, பழகிடும்"னேன். என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அந்த அளவுக்கு கண்ணு தெரிஞ்சிருக்கு.

இன்னைக்குக் காலையில அத்தைக்கு மூணாவது ஆர்டர். எட்டிப்பாரு இல்லாம, நேரா டேட்டாபேஸ்லயே கேட்டுப் பாத்தேன். "+2.25 ஆட்". நல்லா இருக்கு. அப்புறம் டூல்ல திறந்தேன், பூஜ்யம். கை தன்னால சேவ அழுத்திடுச்சு. திரும்ப நேரா கேட்டேன், பூஜ்யம். என் கண்ணு முன்னாடியே டாக்டர்! கழுத்த அப்படியே பிடிச்சுக்கிச்சு. மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். "என்னப்பா"ன்னாரு. "கழுத்து வலி சார், டாக்டரப் பாத்துட்டு வரேன்"னுட்டேன்.

அக்காவோட புதுக் கண்ணாடி ஆர்டரும் நான் திறந்த பக்கத்துலதான் இருந்துச்சு. அதுவும் படிக்கற கண்ணாடிதான். ரெண்டு வாரமா அத மாட்டிட்டு, சீட்ட மூக்குக்குக் கிட்ட வச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. கண்ணு போச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க.

வெக்கமா இருக்கு டாக்டர். அவ்வளவுதான்.

எதுக்கு என் போன எடுக்கறீங்க? இல்ல டாக்டர், நாளைக்கு நிதானமா ஒரு மெயில் போட்டுடறேன்... மணி நாலு தாண்டி அஞ்சு நிமிஷமா? ஆரம்பிச்சிருப்பாங்களே. குப்புறப் படுத்துட்டு எப்படிப் பேசறது... சரி. குடுங்க. குடுங்க.

ஹலோ... சார், நான்தான். அக்கா அங்க இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க சார். ரிப்போர்ட்டக் கிழிச்சிடுங்க. பூஜ்யம் போட்டது நான். என் டூல் போட்டுச்சு, சேவ் அழுத்தினது நான். அவங்க அடிச்சதுல ஒரு புள்ளி கூடத் தப்பு இல்ல. ஆமா சார், காலையிலயே தெரியும். ஆமா... திட்டுங்க சார். திட்டி முடிச்சதும் அக்காகிட்ட குடுங்க.

அக்கா... ஆமாக்கா. எல்லாமே சரிதான்க்கா. நீங்க அடிச்சது எல்லாமே. கண்ணு இல்லக்கா, அந்தக் கண்ணாடிதான், அதுல பவரே கிடையாது. கழட்டி வச்சிடுங்க, பழசையே போட்டுக்கோங்க. அழாதீங்கக்கா... நாளைக்கே புதுசு வெட்டச் சொல்லி நானே கொண்டு வந்து தரேன்.

இல்லக்கா. சத்தியமா. உங்க ஆர்டர நான் செக் பண்ணவே மாட்டேன்.