கேட்டில் கட்டிய வேப்பிலை

ஓடுகிறோம். வாய்க்கால் கரை உடைந்த சத்தம் பின்னால் வருகிறது. மணல் லாரி கொட்டுவது போல முதலில் ஒரு 'சர்'. பிறகு 'தொம்'. தொழுவத்தில் ஆடுகள் கத்துகின்றன. அவிழ்த்துவிட நேரமில்லை. என் கணவர் சவரிமுத்து என் கையைப் பிடித்து இழுத்தபடி ஊருக்கே கத்துகிறார்.

"மேட்டுக்கு ஏறுங்க! பள்ளிக்கூடத்துக்குப் போங்க!"

சிக்குன்குனியா வந்த வருஷம் அது. செம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஊரே கூனிக் கிடந்தது. விரல் மடங்காமல் மல்லிகை பறிக்க ஆளில்லை. அந்த உடம்போடுதான் ஓடினோம். பள்ளிக்கூட வராந்தாவில் விழுந்த பிறகு எனக்கு முழங்காலை நீட்ட முடியவில்லை.

சத்துணவு அரிசி இருந்தது. தண்ணீர் இல்லை. கிணற்றில் வெள்ளம் புகுந்துவிட்டது. விறகெல்லாம் ஈரம். காய்ச்சிய ஒரு பானைத் தண்ணீர் பிள்ளைகளுக்கே பற்றவில்லை. ஒட்டன்சத்திரத்து வியாபாரிகள் காய்கறியும் குடிதண்ணீரும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த லாரியை நம்பித்தான் இருந்தோம்.

பக்கத்து வீட்டு முத்துலட்சுமியின் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. இந்தக் காய்ச்சலில் அப்படி வரும். முத்துலட்சுமி அதை அம்மை என்று நினைத்துவிட்டாள். வேப்பிலை ஒடித்து வந்து பள்ளிக்கூட கேட்டில் கட்டினாள். நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அதைக் கழற்ற எங்களில் யாருக்கும் கை வராது.

மத்தியானம். இரண்டு ஹாரன். லாரி நிற்கிறது. டிரைவர் இறங்குகிறார். வேப்பிலையைப் பார்க்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறார். திரும்ப ஏறுகிறார்.

"அம்மை இல்லங்க! மூட்டுக் காய்ச்சல்தான்! செத்த நில்லுங்க!"

சவரிமுத்து கத்தியது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் கேட்டுக்குப் போவதற்குள் லாரி போய்விட்டது. எனக்கு அழுகை கூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தாகம் பொறுக்காமல் பெரியவர்கள் கிணற்றுத் தண்ணீரைச் சேலையில் வடிகட்டிக் குடித்தோம். விடிவதற்குள் சவரிமுத்துவுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது.

காலையில் அதே லாரி வந்தது. டிரைவர் தலைக்குக் குளித்து ஈர வேட்டியோடு இறங்கினார். பின்னால் டிரம் டிரம்மாகத் தண்ணீர்.

"கோவிச்சுக்காதீங்க. ஊர் ஊராச் சுத்துன காலோட ஆத்தா இருக்கற எடத்துக்கு வரக்கூடாதுங்களே. அதானுங்க, தலைக்கு ஊத்திக்கிட்டு வந்தேன்."

அந்த மனிதரை என்னவென்று திட்டுவது? அவர் லாரியில்தான் சவரிமுத்துவைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். நல்ல தண்ணீர். குடித்தது தங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்று தெரியாது. முத்துலட்சுமியின் மகளுக்கு நாலு நாளில் தடிப்பு இறங்கிவிட்டது. அந்த வேப்பிலையைப் பற்றி நானும் முத்துலட்சுமியும் இதுவரை பேசியதில்லை.

போனவை: ஓட்டு வீடு. மூன்று ஆடு. அரை ஏக்கர் மல்லிகை.

ஆள் ஒன்று. சவரிமுத்து.