வாய்ப்புண் இல்லாத காளைகள்

இந்த வருசம் மலையில ஏலக்காய் நல்லாக் காய்ச்சிருக்கு, டாக்டரய்யா. கீழ கொண்டாரத்தான் மாடு இல்லை. நீங்க மாட்டு டாக்டரு, உங்களுக்குத் தெரியாததா.

சிலமலையில இருந்து போடிமெட்டுக்கு அரிசியும் உப்பும் ஏத்திப் போற பொதிமாட்டு வரிசைக்கு முன்னால நடக்குறவன் நான். ஒச்சப்பன் சொன்னா ஊரு கேக்கும். வெக்கை நோய் வருது, ஊசி போடணும்னு நீங்க வந்தீக. ஊசி போட்டா மாடு செத்துப்போகும்னு நான் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும்னு ஒரு பய கேக்கலை, அம்புட்டு மரியாதை. ஊரு மாட்டையெல்லாம் அடிவாரத்து ஓடைக்குள்ள ஒண்ணா அடைச்சு, உங்க கண்ணுல படாம ஒளிச்சு வச்சேன். ஊசிக்குத் தப்பிச்சிருச்சுக. வெக்கைக்கு அந்த இடம் தெரிஞ்சிருக்கு. ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணுக்குத் தொத்தி, வாயெல்லாம் புண்ணாகி, கழிஞ்சு கழிஞ்சே அத்தனையும் செத்துச்சு. என் மாடுகளுந்தான். வயிறெரிஞ்சு அழுதேன்யா, அதுல பொய்யில்லை.

என் தங்கச்சி அன்னக்கொடி மட்டும் எனக்குத் தெரியாம அவ காளை ரெண்டுக்கும் ஊசி போட்டுட்டா. புருசன் இல்லாதவ, அந்தச் சோடியை வச்சுத்தான் கஞ்சி குடிக்கிறா. அதுக ஊரு நடுவுல நின்னு அசை போட்டுச்சுக. போறவன் வர்றவனெல்லாம் காளையப் பாத்துட்டு என்னையப் பாத்தான். கூடப்பொறந்தவ அண்ணனை இப்படியா சந்தி சிரிக்க வைக்கிறது?

செத்த மாட்டு எச்சில் பட்ட வைக்கோலைக் கொண்டுபோயி அதுகளுக்குப் போட்டேன். தின்னுட்டு வாலை ஆட்டுச்சுக. மறுபடியும் போட்டேன். ஒண்ணும் ஆகலை. உங்க ஊசி நல்ல ஊசிதான்யா. அதுக்கு என்னைய விட்டா வேற சாட்சி கிடையாது.

அப்புறந்தான் அரளியை அரைச்சேன்.

"நீ சொன்னதுதாண்ணே சரி, ஊசி கொன்னுருச்சு"ன்னு அவ என் தோள்ல விழுந்து அழுதா. நானும் சேர்ந்து உங்களை ஏசினேன். நீங்க வந்து செத்த காளை வாயைப் பிளந்து பாத்து, "புண்ணே இல்லை, இது வெக்கையுமில்லை, ஊசியுமில்லை, யாரோ விசம் வச்சிருக்காக"ன்னு சொல்லுவீகன்னு யாரு கண்டா. அன்னக்கொடி அதை இன்னும் நம்பலை. என் அண்ணன் இருக்குற ஊருல எவன் செய்வான்னு கேக்குறா.

இப்ப அந்த அரிசி மூட்டையை அவதான் தலையில வச்சு மெட்டு ஏறுறா. அந்தச் சோலியை வாங்கிக் குடுத்ததே நான்தான். அண்ணன் இருந்தும் கைவிட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிரக் கூடாது பாருங்க.