சாம்பல் பூஞ்சை

— காசநோய்க் கிருமி இல்லைன்னு எழுதிக் குடுங்க அண்ணாச்சி. இல்லாட்டி என் மிக்கேல அந்த வார்டுல கொண்டு அடைச்சிருவாக. அங்கன போன பிள்ளைய எவ திரும்பக் கண்டா?

— எழுதுதேன் ரோஸம்மா. அந்தக் கிருமி இல்ல. ஆனா நீ கொண்டாந்த சளியில வேற ஒண்ணு முளைச்சிருக்கு. இந்தக் கண்ணாடித் தட்டப் பாரு.

— என்னது இது, எலிமயிரு கணக்கா சாம்பலா இருக்கு?

— பூஞ்சை. மொதல்ல லேப் காத்துல வந்து விழுந்ததுன்னு தூக்கிப் போட்டேன். மறுபடி நீ கொண்டாந்த புட்டியிலயும் இதேதான். மூடியத் தொறக்காத. நேத்து அடியில கெடந்தது, இன்னைக்கு மூடியத் தொட்டிருச்சு.

— பழைய ரொட்டியில பூக்குமே, அதுவா?

— அது இல்லம்மா. இது எப்பவாவதுதான் ஆப்புடும். சேத்துத் தண்ணில முங்கி, சாவப்போயிப் பிழைச்சவுக நெஞ்சுல இருக்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. பிள்ள எப்பவாவது தண்ணில விழுந்தானா?

— மிக்கேலா? அலையக் கண்டாலே அவனுக்கு நடுக்கம். காலு நனைச்சதில்ல.

— அதான் எனக்கும் ஒரு மாதிரி இருக்கு. முங்காத பிள்ள நெஞ்சுக்குள்ள இது எப்படிப் போச்சு? சரி, அவன முத்தங் கொஞ்சுனா உப்புக் கரிக்குமா?

— இதென்ன கேள்வி? கடக்கரையில எந்தப் பிள்ள கரிக்காது?

— குளிப்பாட்டித் தொடைச்ச பொறவும்?

— ஆமா. பொறவும் கரிக்கும்.

— அப்ப மிக்கேலப் பாத்த டாக்டர் நெனைச்சது சரிதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு பிறவிச் சீக்கு. வேர்வையில உப்பு கூடும். சளி கோந்தா இறுகி, உள்ள போனது எதையும் வெளிய விடாது. கூடப் பிறந்ததுக்கும் இருக்கலாம். பெரியவன் எப்படி?

— சிலுவைக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கான். அவுக அப்பா செத்த பொறவு அவன் சங்கு குளிச்சுத்தான் எங்க அடுப்பு எரியுது. புதுத் துறைமுகத்துக்குத் தோண்டுதாகளே, அந்தக் கலங்கல் தண்ணியிலயும் முங்குதான். காலையில லேசாச் செருமுவான், அம்புட்டுதான்.

— நல்லது. நாளைக்கு மிக்கேலக் கூட்டிட்டு வா. இந்தப் பூஞ்சை உள்ள இருக்கவன் இனிமே தண்ணில முங்கவே கூடாது. அடியில போயி மூச்சு அடைச்சா மேல வரமாட்டான். ஏம்மா, ஏன் இப்படி வேர்க்குது ஒனக்கு?

— வார்டுக்குப் பயந்து, நல்ல நெஞ்சுன்னு நம்பி, ரெண்டு புட்டியிலயும் சிலுவையத்தான் துப்பச் சொன்னேன் அண்ணாச்சி. அவன் இப்ப கடலுக்கு அடியில நிக்கான்.