நாளைக்கு என்ன தப்பு போடறீங்க சார்?

பிரின்சிபால்: இல்ல இல்ல, அந்தக் கடைசி பெஞ்ச இன்னும் கொஞ்சம் தள்ளுங்க சார். நாளைக்கு நம்ம கிளாஸப் பாக்க வர்ற மத்த ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் அதுலதான் உக்காரப் போறாங்க. முட்டி இடிக்கும்.

மேத்ஸ்: இதுக்கு மேல தள்ளினா பக்கத்து கிளாஸுக்கே போயிடும் மேடம்.

சயின்ஸ்: அய்யோ, மேத்ஸ் சார் ஜோக்கெல்லாம் அடிக்கறாரே! மேடம், இதையும் நம்ம சாதனைல சேத்துக்கலாம்.

பிரின்சிபால்: வாய் மட்டும் வேல செய்யுது உனக்கு. அந்தப் பெட்டியப் பிரி. வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு செட் குடுத்தனுப்பணும். சின்ன எழுதுபலகை ஒண்ணு, சிவப்பு அட்டை, பச்ச அட்டை, பசங்க பேரு எழுதிக்கற குச்சிக் கட்டு...

சயின்ஸ்: ஐஸ் குச்சி என் ஐடியா! அத நாளைக்கு மறக்காம சொல்லுங்க.

பிரின்சிபால்: ஐடியாவும் உன்னுது, ஐஸ் தின்னதும் நீதான். சொல்றேன், சொல்றேன்.

சயின்ஸ்: சரி, ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் உக்காருங்க. வாசல்ல நின்னு விளக்கறது நான்தானே... ஒத்திகை பாக்கறேன். சிரிக்கக் கூடாது. ம்ஹும். "வணக்கம்! எங்க ஸ்கூல்ல எந்தப் பாடம் நடந்தாலும் டீச்சருங்க நாங்க நடுவுல வேணும்னே ஒரு தப்பு போடுவோம். எங்கன்னு சொல்ல மாட்டோம். பசங்கதான் தேடணும். கண்டுபிடிச்சவங்க 'பிடிச்சேன்!'னு கத்தணும். கத்தினவங்க கைக்கு சாக்பீஸ் போயிடும். டீச்சர் போய் அவங்க சீட்ல உக்காந்துக்கணும். அவங்க போர்டுல சரி பண்ணி, ஏன்னு சொல்லி முடிக்கற வரைக்கும் டீச்சர் எந்திரிக்கக் கூடாது!" எப்படி?

பிரின்சிபால்: அருமை! ஆனா மூச்சு விடு நடுவுல.

சயின்ஸ்: இருங்க, முக்கியமான எடமே இனிதான். "இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா..." மேடம், இத நான் சொல்லும்போது எனக்கே புல்லரிக்குது. "ஸ்கூல் திறந்த முதல் வாரம். எங்க பிரின்சிபால் எல்லா டீச்சரையும் பின்னாடி உக்கார வெச்சிட்டு மாதிரி வகுப்பு எடுத்தாங்க. பூகோளம். போர்டுல மேப் போட்டு..."

பிரின்சிபால்: கோந்து எங்க? கோந்து பாட்டில் இங்கதானே வெச்சேன்?

சயின்ஸ்: உங்க கைலதான் இருக்கு மேடம். "...மேப் போட்டு, கிழக்கையும் மேற்கையும் மாத்தி எழுதினாங்க! வேணும்னே! எங்க யாருக்குமே தெரியல. ஒரு பையன் எந்திரிச்சான், மூக்குக் கண்ணாடிக் காத ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினவன். 'மேடம், சூரியன் இன்னிக்கு மாத்தி வந்துச்சா?'ன்னான். எங்களுக்கெல்லாம் உயிரே போயிடுச்சு. ஆனா எங்க மேடம்... சிரிச்சாங்க! சாக்பீஸ அவன் கைல குடுத்துட்டு, நேரா நடந்து போய் அவன் சீட்ல உக்காந்துட்டாங்க!"

பிரின்சிபால்: போதும்மா. அவ்ளோ நீட்ட வேணாம்.

சயின்ஸ்: நீட்டாம எப்படி? அந்தச் சிரிப்பு ஒண்ணு போதும் மேடம்! சும்மா சொல்லல, நான் அன்னிக்கு வீட்டுக்குப் போய் கண்ணாடி முன்னாடி அந்தச் சிரிப்ப சிரிச்சுப் பாத்தேன். எங்க அக்கா பயந்துட்டா.

பிரின்சிபால்: அத விடு. நாளைக்கு ஹீரோ நான் இல்ல, மேத்ஸ் சார். சொல்லுங்க சார்... நாளைக்கு என்ன தப்பு போடறீங்க?

மேத்ஸ்: அது... சொல்லிட்டா சுவாரசியம் போயிடும் மேடம்.

சயின்ஸ்: பாத்தீங்களா, பாத்தீங்களா! தொழில் ரகசியம்! மேடம், இவர் தப்பு போடற அழகு இந்த ஸ்கூல்ல யாருக்கும் வராது. நான் போட்டா பசங்க உடனே, "டீச்சர், இது தப்பு, அடுத்தது போங்க"ங்கறானுங்க. கொட்டாவி வேற. இவர் கிளாஸ்ல மட்டும் ஒரே ரகள!

பிரின்சிபால்: அதனாலதானே இவரப் போட்டேன். சார், நாளைக்கு நல்லபடியா முடியட்டும், உங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லி நிர்வாகத்துக்கு நானே நேர்ல போய்ப் பேசறேன்.

மேத்ஸ்: மேடம்... வேற யாராவது எடுத்தா நல்லா இருக்குமோன்னு...

சயின்ஸ்: தோடா! இவ்ளோ அடக்கம் உடம்புக்கு ஆகாது சார். எந்திரிங்க. இப்பவே ஒரு ட்ரையல். நான் எட்டாம் வகுப்பு கடைசி பெஞ்ச் வாலு. மேடம் முதல் பெஞ்ச் படிப்பாளி.

பிரின்சிபால்: நான் ஏன் படிப்பாளி? நானும் வாலுதான்.

மேத்ஸ்: இப்பவேவா? பெஞ்சுக்கு இன்னும் நம்பர் ஒட்டல...

சயின்ஸ்: சார்ர்ர்! பாத்ரூம் போகட்டுமா சார்!

பிரின்சிபால்: சார், இவ என் பென்சில எடுத்துட்டா சார்!

மேத்ஸ்: சரி... சரி. அமைதி. எல்லாரும் போர்டப் பாருங்க. இருபதுல இருந்து, அடைப்புக்குறிக்குள்ள எட்டு கழித்தல் மூணு... அதக் கழிக்கறோம். அடைப்புக்குறிய எடுத்துட்டு எழுதுவோம். இருபது கழித்தல் எட்டு கழித்தல் மூணு. இருபதுல எட்டு போனா பன்னெண்டு. பன்னெண்டுல மூணு போனா ஒம்பது. அடுத்த கணக்கு...

சயின்ஸ்: பிடிச்சேன்!

மேத்ஸ்: என்ன?

சயின்ஸ்: பிடிச்சேன் பிடிச்சேன் பிடிச்சேன்! அடைப்புக்குறிக்கு முன்னாடி மைனஸ் இருந்தா உள்ள இருக்கற குறி மாறணும்! கழித்தல் மூணு இல்ல, கூட்டல் மூணு! பன்னெண்டும் மூணும் பதினஞ்சு! சாக்பீஸ் குடுங்க, சாக்பீஸ் குடுங்க!

மேத்ஸ்: ...இந்தாங்க.

சயின்ஸ்: மேடம், அவர் மூஞ்சியப் பாத்தீங்களா? நிஜமாவே தூக்கிவாரிப் போட்ட மாதிரி! அந்தக் காது செவக்கறது எப்படி சார் பண்றீங்க? அதுக்குன்னு தனியா பயிற்சி உண்டா? நாளைக்கு இதே மூஞ்சி வேணும், ஆமா! சரி, நான் ஓடிப்போய் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட நாற்காலி சொல்லிட்டு வந்துடறேன். என் சீட்லயே உக்காந்திருங்க சார். நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. ரூலு ரூலுதான்!

பிரின்சிபால்: படில பாத்து இறங்கு... போயிட்டா. காத்து மாதிரி ஒரு பொண்ணு. சார்.

மேத்ஸ்: சொல்லுங்க மேடம்.

பிரின்சிபால்: நீங்க போட நெனச்ச தப்பு எது?

மேத்ஸ்: ...இதுதான் மேடம்.

பிரின்சிபால்: சார்...

மேத்ஸ்: ...அடுத்த கணக்குல. நூறுல ஒரு சைபர விட்டுடறதா இருந்தேன்.

பிரின்சிபால்: அப்போ இந்த ஒம்பது?

மேத்ஸ்: அது... தானா வந்துச்சு மேடம்.

பிரின்சிபால்: ம்.

மேத்ஸ்: எல்லாமே தானா வர்றதுதான். வீட்ல உக்காந்து போட்டா ஒண்ணு தப்பாது. இங்க போர்டு பக்கம் திரும்பினதும், முதுகுல அத்தன கண்ணு இருக்குன்னு நெனப்பு வரும் பாருங்க... மண்டைக்குள்ள புகை மூட்டின மாதிரி ஆயிடுது. குறி மாறுது, கடன் வாங்கினது மறந்துபோகுது. ஜூன்ல ஒரு அம்மா உங்க ரூமுக்கே வந்தாங்களே, "சாருக்கே கணக்கு வரலன்னு என் பொண்ணு சொல்றா"ன்னு...

பிரின்சிபால்: ஞாபகம் இருக்கு.

மேத்ஸ்: அந்த வாரமே நின்னுடலாம்னு இருந்தேன். அப்பதான் நீங்க ஸ்டாஃப் மீட்டிங்ல இந்தத் திட்டத்தக் குடுத்தீங்க. இனிமே எல்லாரும் தப்பு போடணும்னு. மேடம், எனக்கு சாமியே நேர்ல வந்த மாதிரி இருந்துச்சு! அதுக்கப்புறம் நான் எந்தத் தப்பு போட்டாலும் பசங்க கை தட்டறாங்க. அதே பொண்ணு, ரெட்ட ஜட, இப்ப தினம் முதல் ஆளா கத்துது. அவங்கம்மா போன வாரம் கேட்ல பாத்து கும்பிட்டாங்க. எனக்கு உள்ள சுருக்குன்னுச்சு.

பிரின்சிபால்: ஏன்?

மேத்ஸ்: ஏமாத்தறேன்ல? நாளைக்கு அத்தன பேரு முன்னாடி, "எவ்ளோ அழகா திட்டம் போட்டு தப்பு பண்றாரு"ன்னு எல்லாரும் எழுதிக்குவாங்க. நீங்க போய் நிர்வாகத்துல பேசுவீங்க. அப்புறம் ஒருநாள் வெளிய வரும். அது உங்க தலைல விடியும் மேடம். அதான்... வேற யாரயாவது போடுங்க. என்ன நிரந்தரம் பண்ணவும் வேணாம்.

பிரின்சிபால்: ஒண்ணு கேக்கறேன். வேணும்னே போட்டுப் பாத்ததே இல்லியா?

மேத்ஸ்: பாத்தேனே! ரெண்டு மூணு தடவ. நல்லா யோசிச்சு, எங்க போடணும்னு குறிச்சு வெச்சு. பசங்க ஒரு நிமிஷம் கூட தேடல. அந்த ரெட்ட ஜட எந்திரிச்சு, "சார், இன்னிக்கு தப்பு நல்லால்ல. நேத்து மாதிரி நல்ல தப்பா போடுங்க"ங்கறா.

பிரின்சிபால்: நெஜமாவா! அப்படியா சொன்னா?

மேத்ஸ்: சிரிக்காதீங்க மேடம்...

பிரின்சிபால்: சிரிக்காம? சார், யோசிச்சுப் பாருங்க! நிஜத் தப்புன்னா பசங்க ஏன் அப்படிச் சண்ட போடறாங்க? அது நமக்கே வர்ற தப்பு. அப்போ அவங்களுக்கும் அதே எடத்துலதான் வழுக்கும்! அடைப்புக்குறி மைனஸ்ல பாதி கிளாஸ் வழுக்கும். நூறுல சைபர யாரு விடப் போறா? அதான் அவங்களுக்கு கொட்டாவி வருது. அய்யோ, இது ஏன் எனக்கு இத்தன நாள் தோணல!

மேத்ஸ்: மேடம், நீங்க புரியாமப் பேசறீங்க. எல்லாரும் திட்டம் போட்டு பண்றாங்க. நான் மட்டும்தான் மறைச்சிட்டு...

பிரின்சிபால்: நீங்க மட்டும்தான்னு யாரு சொன்னா?

மேத்ஸ்: பின்ன?

சயின்ஸ்: மேடம், வாட்ச்மேன் அண்ணன் நாற்காலி எல்லாம் தொடச்சிட்டாரு! அய்ய, என்ன ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? யாராவது திட்டினாங்களா?

பிரின்சிபால்: கரெக்டா வந்த. உக்காரு. ரெண்டு பேரும் கேளுங்க. நாளைக்கு வாசல்ல சொல்லப் போறியே, அந்தக் கிழக்கு மேற்கு கதை...

சயின்ஸ்: ஆமா! அத இன்னும் கொஞ்சம் நீட்டலாம்னு...

பிரின்சிபால்: அது வேணும்னே போட்டது இல்லம்மா.

சயின்ஸ்: ...என்னது?

பிரின்சிபால்: ஆபீஸ் ரூம்ல உக்காந்து உக்காந்து கிளாஸ் எடுத்து வருஷக் கணக்காச்சு. அன்னிக்கு நீங்க எல்லாம் பின்னாடி வரிசையா உக்காந்திருந்தீங்களா... சார் சொன்னாரே, முதுகுல கண்ணு... அதேதான். கிழக்கு எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு.

மேத்ஸ்: மேடம்...

பிரின்சிபால்: அவன் கேட்டதும் வாய்ல வந்தது, "வேணும்னேதான் போட்டேன், யாரு கண்டுபிடிக்கறாங்கன்னு பாக்க"ன்னு. சொல்லிட்டேன். சொன்னத உண்மையாக்க மறுநாளே மீட்டிங் போட்டு, எல்லாருக்கும் திட்டமாக்கிட்டேன்.

சயின்ஸ்: இருங்க இருங்க... அப்போ அந்தச் சிரிப்பு? நான் கண்ணாடி முன்னாடி நின்னு பழகின சிரிப்பு?

பிரின்சிபால்: அழுகை வரப் பாத்துச்சு. அத அமுக்கினேன், அப்படி வந்துச்சு.

சயின்ஸ்: சாக்பீஸ் குடுத்தது?

பிரின்சிபால்: கைல நிக்கல, வழுக்கிட்டே இருந்துச்சு.

மேத்ஸ்: அப்போ... நேரா நடந்து போய் அவன் சீட்ல உக்காந்தீங்களே மேடம்? நாங்க எல்லாரும் மூணு மாசமா தினம் போய் உக்காந்துட்டு இருக்கோமே... அது?

பிரின்சிபால்: கால் நடுங்குச்சு சார்! பக்கத்துல காலியா இருந்தது அவன் சீட்டு ஒண்ணுதான்! ஆனா உக்காந்ததுக்கு அப்புறம் பாத்தேன் பாருங்க... அங்க இருந்து நிமிந்து பாத்தா, அந்த ரப்பர் பேண்ட் கண்ணாடிக்காரன் போர்டு முன்னாடி எவ்ளோ ஒசரமா தெரிஞ்சான் தெரியுமா! அதுக்காகத்தான் அந்த ரூலையே வெச்சேன்... அப்போ நாளைக்கு கிளாஸ் நீங்கதான் எடுக்கறீங்க சார், தப்பு தானா வரட்டும். வாசல்ல கதைய நானே சொல்றேன், ஒண்ணு விடாம, கால் நடுங்கினது வரைக்கும்... என்ன சொல்றீங்க, சொல்லிடலாமா?